ரெண்டு காடி

அன்றைக்குப் புதன்கிழமை. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. மண் டெஸ்ட் பண்ணுகிற எங்கள் லேப் பின்வாசலில் உட்கார்ந்து நான் சல்லடை கழுவிக்கொண்டிருந்தேன். அந்தமானில் பெரார்கஞ்ச் தாண்டி உள்ளே ஒரு கிராமத்திலிருந்து ஷெஃபாலி வந்தாள். பெங்காலிக்காரி. அவளும் அவள் புருஷன் நிமாயும் சொந்த நிலத்தில் பாடுபடுகிறவர்கள். முந்தின மாதம்தான் அவர்கள் நிலத்துக்குப் போய் மண் எடுத்து வந்திருந்தேன். வந்தவள் தலையைக்கூடத் துவட்டாமல் டெஸ்ட் முடிவு போட்ட மண் அட்டையை என் மடியில் வைத்தாள்.

"தீதி, மேட்டு நிலத்துக்கும் உப்பு ஏறிடுச்சா?"

அவள் கேட்டது இந்தியில்; தீதி என்றால் அக்கா. எங்கள் தீவில் தமிழனும் பெங்காலியும் தெலுங்கனும் ஒருத்தரோடு ஒருத்தர் பேசுவது இந்திதான். படிக்கிறவர்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. நம்பர் வாசிப்பேன். அட்டையில் எது பிஹெச் கட்டம், எது இசி கட்டம் என்று தெரியும். பிஹெச் மண்ணின் புளிப்பைச் சொல்லும். இசி உப்பைச் சொல்லும். ஷெஃபாலி கொண்டுவந்த அட்டையில் இசி கட்டத்தில் இருந்த நம்பரைப் பார்த்தேன். மேட்டு மண்ணுக்கு அந்த நம்பர் வரவே வராது.

"ஒரே அட்டைதானா கொடுத்தாங்க? நான் ரெண்டு நிலத்துலயும்ல எடுத்தேன்."

"ஒண்ணுதான் வந்துச்சு. டீச்சரம்மா படிச்சுச் சொன்னாங்க. ரோட்டு நிலம்னு போட்டிருக்காம். உப்பு ஜாஸ்தி, காய்கறி போடாதீங்கன்னு இருக்காம்."

அவர்களுக்கு இருப்பது இரண்டு துண்டு நிலம். ஒன்று பஸ் நிற்கிற ரோட்டோரம் மேட்டில். அதில் போடுகிற மிளகாய், கத்தரிக்காய்தான் அவர்களுக்குச் சோறு. அதுவும் இரண்டு போகமாய்ச் சரியாய்க் காய்க்கவில்லை. இன்னொன்று கீழே உப்போடைப் பக்கம். சுனாமியில் கடல் ஏறினதிலிருந்து அது தரிசு. மேட்டு நிலத்தை மீட்டுக்கொண்டு, கீழ் நிலத்திலும் என்றைக்காவது நெல் போடலாம் என்றுதான் மண் பார்க்கக் கொடுத்தார்கள்.

"ரிசார்ட் கட்ட நிலம் வேணும்னு ஒருத்தன் ரெண்டு வருஷமா அலையறான்" என்றாள் ஷெஃபாலி. "இவர் முடியாதுன்னே சொல்லிட்டிருந்தார். இந்த அட்டையைப் பார்த்தார். கீழேயும் உப்பு, மேலேயும் உப்பு, இனி யாருக்காக உழுறதுன்னுட்டார். திங்கக்கிழமை மத்தியானம் கையெழுத்து. அப்புறம் இவர் அங்க வாட்ச்மேன். நான் அவங்க ரூமைக் கூட்டணும்."

"நீ என்ன சொன்னே?"

"என்னை யாரு கேட்டா? அதான் உங்களைக் கேக்க வந்தேன்."

உட்காரச் சொல்லி டீ கொடுத்தேன். 

சீட்டு எழுத வந்த கதை

என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன்னால், சீட்டு எழுதுகிற வேலை எனக்கு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

நான் பிறந்தது சிலோன் தேயிலைத் தோட்டத்து லயத்தில். மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். அப்புறம் எங்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். நிக்கோபாரில் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் போட்டார்கள். பால் வெட்டினேன். கல்யாணம் ஆகித் தெற்கு அந்தமான் வந்து, இந்த லேபில் டெய்லி ரேட் மஸ்தூராக, அதாவது தினக்கூலியாகச் சேர்ந்தேன்.

முதல் நாள் ஒரு மூட்டை மண்கட்டியைக் காட்டிப் பொடியாக்கச் சொன்னார்கள். மூலையில் இரும்புச் சுத்தியல் கிடந்தது. எடுத்து நாலு போடு போட்டேன். எங்கள் பெரிய மேடம் மலையாளி, தமிழும் பேசுவார். ஓடி வந்து என் கையைப் பிடித்தார்.

"அக்கா, இந்த மண்ணுல இரும்பு எவ்வளவு இருக்குன்னு பார்க்கப் போறோம். நீங்களும் சுத்தியல்லருந்து கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தா எப்படி?"

அன்றிலிருந்து மரச்சுத்திதான். மண்ணை வெயிலில் காயவைக்கக் கூடாது, நிழலில் காகிதம் விரித்துக் காயவைக்க வேண்டும். உரச் சாக்கில் மண் எடுத்தால் உரத்தைத்தான் டெஸ்ட் பண்ணுவோம். இந்த மாதிரி ஒவ்வொன்றாய்ப் படித்துக்கொண்டேன். ஒரு தடவை சொன்னால் எனக்குப் போதும்.

அந்தக் காலத்தில் வயலுக்குப் போகிறவர்கள் மண்ணைப் பையில் கட்டி ஜீப்பில் போட்டு வருவார்கள். லேபுக்கு வந்தபிறகு எந்தப் பை யாருடையது என்று ஆளுக்கொரு பக்கம் யோசிப்பார்கள். அதைப் பார்த்துப் பொறுக்காமல், இடத்திலேயே சீட்டு எழுதிப் பைக்குள் போடுகிறேன் என்று சொன்னேன். கிளார்க் குமரேசன் சிரித்தான். ராமநாதபுரத்துப் பையன்.

"உங்களுக்கு எழுத வருமாக்கா?"

"உன் பேரையே எழுதிக் காட்டவா?"

எழுதினேன். வாங்கிப் பார்த்தான்.

"ரேவுக்கு றே போட்டிருக்கீங்க."

"இதைப் படிச்சுக் கூப்பிட்டா நீ திரும்புவேல்ல? போதும்."

மேடம் சரி என்றார். அதிலிருந்து நான்தான். விவசாயி இந்தியில் நிலத்துக்கு என்ன பேர் சொல்கிறானோ அதைத் தமிழ் எழுத்தில் பென்சிலால் எழுதுவேன். பென்சில் எதற்கென்றால், பேனா மை ஈர மண்ணில் கரைந்துபோகும். லேபுக்கு வந்ததும் நான் வாசிக்க வாசிக்கக் குமரேசன் இங்கிலீஷில் ரிஜிஸ்டரில் ஏற்றுவான். அத்தனை வருஷத்தில் ஒரு பை மாறியதில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ரெண்டும் காடி

ஷெஃபாலியை உட்காரவைத்துவிட்டு உள்ளே போனேன். பழைய சீட்டுகளை டப்பாவில் போட்டு வைப்பது வழக்கம். குமரேசன் தேடி எடுத்துக் கொடுத்தான். இரண்டு சீட்டு இருந்தது. இரண்டும் என் கையெழுத்துதான். ஒன்றில் 'நிமாய் காடி'. இன்னொன்றிலும் 'நிமாய் காடி'.

"நீங்க மக வீட்டுக்குப் பால் காய்ச்சப் போயிருந்தீங்களேக்கா, அன்னைக்கு நான்தான் ரிஜிஸ்டர் பண்ணேன்" என்றான். "நம்ம தமிழ்தானேன்னு நானே படிச்சுக்கிட்டேன். காடின்னா வண்டி. பஸ் நிக்கிற நிலம். ஒரே நிலத்துக்கு எதுக்கு ரெண்டு பைன்னு கொட்டி ஒண்ணாக் கலந்து, நாலாப் பிரிச்சு, ஒரு பங்கு உள்ள அனுப்பினேன். மிச்சத்தை வெளியே கொட்டியாச்சு."

"கலந்துட்டியா? ஒண்ணு காடிடா. இன்னொண்ணு காடி."

"அதைத்தானேக்கா நானும் சொல்றேன்."

அப்போதுதான் எனக்கே விளங்கியது. வண்டிக்கு இந்தியில் சொல்கிற சொல் மெத்தென்று வாயில் வரும். கடல்தண்ணீர் ஏறி இறங்குகிற ஓடைக்குச் சொல்கிற சொல்லுக்கு, தொண்டையிலிருந்து காற்றைத் தள்ளிச் சொல்ல வேண்டும். காதில் கேட்டால் இரண்டும் வேறு வேறு. நம் எழுத்தில் அதற்கும் 'கா', இதற்கும் 'கா'. நிமாய் அன்றைக்கு இரண்டு நிலத்தையும் காட்டி இரண்டு பேர் சொன்னான். நானும் இரண்டாகத்தான் கேட்டேன். எழுதும்போது ஒன்றாகிவிட்டது. அடுத்த நாள் நானே வாசித்திருந்தால் ஞாபகத்தில் இருந்து சரியாகச் சொல்லியிருப்பேன். நான் இல்லை.

"ஒண்ணு செம்மண்ணு, ஒண்ணு கரும்பசை. கலக்கும்போது அதுகூடவா உனக்குத் தெரியலை?"

"எனக்கு ரெண்டும் மண்ணு மாதிரிதான்கா இருந்துச்சு. நான் கிளார்க்." உடனே, "என் மேல போட்டுறாதீங்க" என்றான்.

போட்டிருக்கலாம். கலந்தவன் அவன். நான் லீவில் இருந்தேன். யாரும் என்னைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் வாசலில் உட்கார்ந்திருப்பவள் என்னைத்தானே கேட்டு வந்தாள். சீட்டு இரண்டையும் எடுத்துக்கொண்டு மேடம் அறைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"படிச்சவன் மேல தப்பில்லை மேடம். எழுதினது நான்."

"அந்த ஆள்கிட்ட யார் சொல்றது?"

"நான்தான் சொல்லணும்."

"சரி. நாளைக்கே போய் மறுபடி மண் எடுங்க. அவசரம்னு ஈர மண்ணைக் கொண்டுவந்து நிக்காதீங்க. காஞ்ச பிறகுதான் அட்டை."

நிமாய்

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் ஷெஃபாலி ஊருக்குப் போனேன். நிமாய் மேட்டு நிலத்தில் இருந்தான். மிளகாய்ச் செடிகளைப் பிடுங்கி வரப்பில் அடுக்கிக்கொண்டிருந்தான். பாதி வரிசை முடிந்துவிட்டது. பிஞ்சு இருந்த செடிகள்.

நின்ற இடத்திலேயே சொன்னேன். அட்டை தப்பு, இரண்டு மண்ணும் கலந்துவிட்டது, சீட்டு எழுதியது நான்.

பிடுங்கிய செடியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான். முடிந்ததும் சொன்னான்:

"எழுதத் தெரியாதவங்க கையில ஆபீஸ்காரங்க பென்சிலைக் கொடுத்தா இப்படித்தான் ஆகும்."

எனக்குச் சுருக்கென்று ஏறியது. அவனைவிட நான் பத்து வயது மூத்தவள்.

"எழுதத் தெரிஞ்சதாலதான்பா வந்துச்சு. தெரியாம இருந்திருந்தா உன்னையே இன்னொரு தடவை கேட்டிருப்பேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். "இன்னைக்கு உப்புன்னு ஒரு பேப்பர். நாளைக்கு இல்லைன்னு இன்னொரு பேப்பர் கொண்டுவருவீங்க. நான் எந்தப் பேப்பரை நம்புறது? கையெழுத்துக்கு வர்றேன்னு வாக்குக் கொடுத்துட்டேன்."

"பேப்பரை நம்ப வேண்டாம். திங்கக்கிழமை காலையில லேபுக்கு வா. உன் கண்ணு முன்னாலயே செய்றேன். பார்த்துட்டு மத்தியானம் எங்க வேணும்னாலும் போய்க் கையெழுத்துப் போடு."

அவன் கையிலிருந்த செடியை வரப்பில் வைத்தான். அடுத்த செடியைப் பிடுங்கவில்லை. ஷெஃபாலி மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எங்க வெட்டணும் தீதி?"

இரண்டு பேரும் சேர்ந்தே எடுத்தோம். வரப்பு ஓரம், மர நிழல், எரு கொட்டின இடம் எல்லாம் விட்டுவிட்டு, நிலத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பதினைந்து இடத்தில் வெட்டினோம். மேலே கிடக்கிற புல்லை ஒதுக்கிவிட்டு, முக்கோணமாக ஒரு சாண் குழி வெட்டி, குழியின் ஓரத்தை மேலிருந்து கீழ் வரை ஒரே சீவாகச் சீவ வேண்டும். அந்தச் சீவலைத்தான் எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு, மறுபடி கலந்து மறுபடி பிரித்து, அரைக் கிலோ மிஞ்சும் வரை அப்படியே செய்ய வேண்டும். ஒரு நிலத்துக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் கலக்கலாம். இரண்டு நிலத்தைக் கலக்கக் கூடாது. நான் பல வருஷமாக ஊர் ஊராகப் போய்ச் சொன்ன பாடம் அது.

கீழ் நிலத்துக்குப் போனபோது மண்வெட்டி பசைபோல ஒட்டிக்கொண்டது. போன வருஷம் வரை வெள்ளை பூத்துக் கிடந்த இடத்தில் இப்போது புல் வந்திருக்கிறது என்று ஷெஃபாலி காட்டினாள். "அவர் இந்தப் பக்கம் இறங்கியே ரொம்ப நாளாச்சு. புல்லை நான்தான் பார்த்தேன்" என்றாள்.

இந்தத் தடவை சீட்டில் இந்திப் பேரை விட்டுவிட்டுத் தமிழ்ச் சொல்லாகவே எழுதினேன்: 'நிமாய் மேடு'. 'நிமாய் பள்ளம்'.

மேட்டு மண் இரண்டு நாளில் உலர்ந்தது. பள்ளத்து மண் ஒத்துழைக்கவில்லை. மழை ஈரத்தில் அது காய்வேனா என்றது. மெல்லிசாகப் பரப்பி, ஃபேனுக்குக் கீழே வைத்து, மணிக்கொரு தரம் கையால் புரட்டினேன். ஞாயிற்றுக்கிழமையும் மேடத்திடம் சாவியை வாங்கிப் போய்ப் புரட்டினேன். இரண்டு மண்ணையும் ஒரே அறையில் வைக்கக்கூட எனக்கு மனசு வரவில்லை. ஒன்றை ஸ்டோரில் வைத்தேன்.

திங்கட்கிழமை

ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். பத்தாகியும் ஆளைக் காணவில்லை. குமரேசன் வாசலுக்கும் மேஜைக்கும் நடந்தான். அவனுக்கும் உறுத்தல் இருந்தது.

பத்தரைக்கு இரண்டு பேரும் வந்தார்கள். நிமாய் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். கையெழுத்துக்குப் போகிற சட்டை. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான்.

மேடம் மீட்டரைத் தயார் பண்ணினார். நான் மரச்சுத்தியால் தட்டின மண்ணைச் சலித்து, நிறுத்து, இரண்டு பீக்கரில் போட்டேன். காய்ச்சி வடித்த தண்ணீரை அளந்து ஊற்றினேன். கண்ணாடிக் குச்சியை நிமாயிடம் நீட்டினேன்.

"நீயே கலக்கு. மறுபடி என் கை பட்டுச்சுன்னு சொல்லாதே."

அரை மணி நேரம் விட்டு விட்டுக் கலக்க வேண்டும். வெள்ளைச் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்து கலக்கினான். மேட்டு மண் கலந்த தண்ணீர் டீ மாதிரி இருந்தது. பள்ளத்துத் தண்ணீர் கறுத்துக் கிடந்தது.

"இதைக் கலந்தவன் யாரு?" என்று கேட்டான்.

குமரேசன் கையைத் தூக்கினான்.

"கண்ணு இருக்கா உனக்கு?"

"இருக்கு. மண்ணைப் பார்க்கிற கண்ணு இல்லை" என்றான் குமரேசன். ஷெஃபாலி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மேடம் மேட்டு மண்ணை முதலில் வைத்தார். இசியில் ஒன்றுமே இல்லை, மழைத்தண்ணீர் மாதிரி. பிஹெச் நாலு புள்ளி எட்டு.

"உப்பு இல்லை" என்றார் மேடம். "ஆனா நல்ல புளிப்பு. அதனாலதான் உங்க மிளகாய் எரு போட்டும் எழும்பலை. போடுற சத்தைப் புளிப்பு பிடிச்சு வச்சுக்குது. டோலமைட் போடணும். எவ்வளவுன்னு கணக்குப் பண்ணி எழுதித் தர்றேன். வேலியில இருக்கிற கிளிரிசிடியா தழையையும் வெட்டிப் போடுங்க. யூரியாவைக் கூட்டாதீங்க, அது இன்னும் புளிக்க வைக்கும்."

"அப்போ அந்தச் செடியெல்லாம்..." என்று ஆரம்பித்தான் நிமாய். பிடுங்கிப் போட்டதைச் சொல்கிறான். 

அடுத்தது பள்ளத்து மண். மீட்டரில் நம்பர் ஏறிக்கொண்டே போய் நின்றது. உப்பு இருந்தது. நிமாய் குச்சியைக் கீழே வைத்துவிட்டான்.

மேடம் எழுந்து போய் ஒரு பழைய ரிஜிஸ்டரை எடுத்துவந்தார். கடல் ஏறின பிறகு அந்தப் பக்கத்து நிலங்களை எல்லாம் டெஸ்ட் பண்ணியிருந்தோம். நிமாயின் அப்பா பெயரில் அதே நிலம் இருந்தது. அந்த நம்பரையும் இன்றைய நம்பரையும் ஒரு தாளில் மேலும் கீழுமாக எழுதி அவன் முன்னால் வைத்தார். இன்றைய நம்பர் அதில் கால்வாசிகூட இல்லை.

"இது யார் பண்ணினது?" என்றான்.

"மழை" என்றேன். "நீ அந்தப் பக்கம் இறங்காத இத்தனை வருஷமும் அது கழுவிக்கிட்டே இருந்திருக்கு."

"உடனே நெல் வராது" என்றார் மேடம். "ஓடைத் தண்ணி ஏறாத மாதிரி வரப்பை உயர்த்துங்க. மழைத்தண்ணியை நிறுத்தி வடியவிடுங்க. தக்கைப்பூண்டு விதைச்சு மடக்கி உழுங்க. ஒரு ஓரத்துல மேடும் பள்ளமுமா பாத்தி வெட்டிப் பாருங்க. உப்பைத் தாங்குற நெல் விதை நான் கேட்டு வாங்கித் தர்றேன். முதல் வருஷம் பாதி பிழைச்சாலே பெரிசு. நான் பொய் சொல்ல விரும்பலை."

நிமாய் அந்தத் தாளை மடித்து வெள்ளைச் சட்டைப் பையில் வைத்தான். வெளியே போய் வராந்தாவில் நின்று போன் பண்ணினான். நாங்கள் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

"இல்ல, இன்னைக்கு வரலை... இல்ல, நாளைக்கும் இல்ல... மிளகாய் நாத்து வாங்கப் போகணும்."

ஷெஃபாலி என்னைப் பார்க்கவில்லை. மேஜை மேல் இருந்த இரண்டு பீக்கரையும் எடுத்துக்கொண்டு போய்த் தானே கழுவ ஆரம்பித்தாள். அது எங்கள் வேலை, வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

நான் கற்றுக்கொண்டது

பெயர் எழுதுவது எனக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் எழுதி நானே வாசித்தவரைக்கும் தப்பு தெரியவில்லை. சீட்டு என்பது நான் இல்லாத நாளுக்காக எழுதுவது. லேபில் புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். எழுதினதும் இன்னொருத்தரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். எந்த நிலம் என்று அவர் சரியாகச் சொன்னால்தான் பையைக் கட்டுங்கள். நான் அதற்குப் பிறகு அப்படித்தான் செய்தேன். விவசாயியிடமே சீட்டைக் கொடுத்து, நிலத்துக்கு ஒரு அடையாளம் வரையச் சொல்லுவேன். சிலர் வெட்கப்படுவார்கள். வரைந்துவிட்டுச் சிரிப்பார்கள்.

முதல் வருஷம் கீழ் நிலத்தில் தக்கைப்பூண்டு ஒரு பக்கம் இடுப்பு உயரம் வந்தது. இன்னொரு பக்கம் மஞ்சளாகிச் செத்தது. மேட்டு நிலத்து மிளகாய் நன்றாகவே வந்தது. அடுத்த மழைக்கு முன்னால் நிமாய் தானாக லேபுக்கு வந்தான். யாரும் கூப்பிடவில்லை. கையில் இரண்டு துணிப் பை. அவனே முறைப்படி மண் எடுத்து, நிழலில் உலர்த்திக் கொண்டுவந்திருந்தான். ஒரு சீட்டில் பஸ் வரைந்திருந்தான். இன்னொன்றில் பெரிய கொடுக்கோடு ஒரு நண்டு.

"இதை யாரும் வண்டின்னு படிக்க மாட்டாங்கல்ல?" என்றான்.

"ரிஜிஸ்டர்ல நண்டுன்னா ஏத்துறது?" என்று குமரேசன் என்னைக் கேட்டான்.

"ஏத்து."

நண்டு மண்ணைக் கலக்கி மீட்டரில் வைத்தோம். நம்பர் மெதுவாக ஏறி, போன தடவை நின்ற இடத்துக்கு ரொம்பக் கீழேயே நின்றுவிட்டது. நான் வாசித்துச் சொல்லவில்லை. மீட்டரை அவன் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.